சொன்னால் அது எங்கே போகும்?

வன்னியில் சீருடை போட்டவரும் கழற்றியவரும் கடைசியில் வந்து நிற்பது வைத்தியசாலை வரிசையில்தான். அங்கே கேட்கப்படாமல் போகிற ஒரு கேள்வியைப் பற்றியது இந்த வாரச் சிறப்புக் கட்டுரை.

காலை ஏழரைக்கே வாங்குகள் நிரம்பிவிட்டன. முல்லைத்தீவு மாவட்டத்தில் பிரதேச வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவு. பிள்ளையை மடியில் போட்டபடி தாய்மார், மூட்டு நோவுக்கு வந்த கிழவர்கள், காய்ச்சல்காரர். தூணோடு சாய்ந்து நிற்கிற ஒருவர் மட்டும் இருக்க இடம் கிடைத்தும் இருக்கவில்லை. நாற்பதைக் கடந்த வயது. கையில் 61 என்று எழுதிய துண்டு. கக்கத்தில் சொப்பிங் பையால் சுற்றிய கிளினிக் கொப்பி.

முறை வந்ததும் உள்ளே போகிறார்.

"என்ன செய்யுது?"

"தலையிடி டொக்டர். நித்திரையும் வருகுதில்லை."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

வைத்தியர் அழுத்தம் பார்க்கிறார், கண்ணை இழுத்துப் பார்க்கிறார், எழுதுகிறார். வெளியே இன்னும் எண்பது பேர். ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். அந்த மனிதர் எழுந்து திரைச்சீலை வரை போய் நிற்கிறார். "இனி வரமாட்டன் போல கிடக்கு டொக்டர்" என்கிறார். "ஏன், வேற ஆஸ்பத்திரியில காட்டப் போறீங்களோ?" என்று தலையை நிமிர்த்தாமலே கேட்கிறார் வைத்தியர். அவர் சிரிக்கிறார். அறுபத்திரண்டாம் இலக்கம் உள்ளே வருகிறது.

இந்த மனிதருக்குப் பெயர் இல்லை. இவர் தனி ஒருவரும் அல்லர். யாருடைய அடையாளமும் வெளியே வந்துவிடக்கூடாது என்பதற்காகப் பலரைச் சேர்த்து ஓர் உருவமாக எழுதியிருக்கிறோம். ஆனால் "இனி வரமாட்டன் போல கிடக்கு" என்ற சொல் கற்பனைக்கு எட்டாத சொல் அல்ல. வன்னியில் அது பல விதமாகச் சொல்லப்படுகிறது. கேட்பவருக்கு நேரமில்லாத இடத்தில்தான் அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

வரிசையில் நிற்பவர் யார்?

இவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தவர். வவுனியா பூந்தோட்டம் போன்ற ஒரு புனர்வாழ்வு நிலையத்தில் இருந்து விடுவிக்கப்பட்டவர். ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் முன்னாள் போராளிகள் அந்த வழியால்தான் வீடு திரும்பினார்கள். இவர் இப்போது சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணையில் வேலை செய்கிறார். அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிற திணைக்களம். வன்னியில் பண்ணைகளும் முன்பள்ளிகளும் நடத்துகிறது. அதாவது ஒரு காலத்தில் ஒரு படையில் இருந்தவர் இன்று மற்றப் படைக்குப் பொறுப்பான அமைச்சில் சம்பளம் வாங்குகிறார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது விசித்திரம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இது அடுத்த வீட்டுக் கதை.

இதே ஏ-9 வீதியில், முகாம் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் இருக்கிறார். குருநாகலிலோ மொனராகலையிலோ ஒரு கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. லீவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். அவருக்கும் தலையிடி, அவருக்கும் நித்திரை இல்லை. அவர் போய் நிற்பது முகாமுக்குள் இருக்கும் எம்.ஐ. ரூம் என்கிற சிறு மருத்துவ அறையில். படையினரின் மனக்காயம் இலங்கையில் எழுதப்படாத விடயம் அல்ல. கொழும்பு இராணுவ வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்கு 2002க்கும் 2006க்கும் இடையில் அனுப்பப்பட்ட எண்ணூறுக்கு மேற்பட்ட படையினரை டொக்டர் நீல் பெர்னாண்டோவும் டொக்டர் ருவன் ஜயதுங்கவும் ஆராய்ந்து பதிவு செய்தார்கள். ஜயதுங்க எழுதிய நூலின் தலைப்பிலேயே பலாலிப் படைத்தளத்தின் பெயர் இருக்கிறது.

வன்னியில் படைமுகாம் என்று எழுதத் தொடங்கினால் காணிப் பிரச்சினையை எழுதாமல் விட முடியாது. 2017இல் கேப்பாப்பிலவு மக்கள் காணி கேட்டு முகாம் வாசலில் இருந்ததையும், அதே வருடம் பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் அமர்ந்ததையும் இந்தப் பத்தியோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். அந்தக் கேள்விகள் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் வேலியின் இரண்டு பக்கத்திலும் நித்திரை வராமல் கிடக்கும் மனிதனை மருத்துவம் ஒரே கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஓய்ந்த பிறகு ஏறும் கணக்கு

போர் உச்சத்தில் இருக்கும்போது தற்கொலை குறையும், ஓயும்போது ஏறும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1995இலேயே வட இலங்கையை வைத்து எழுதிய உண்மை இது. எதிரி வெளியே நிற்கும்வரை சனம் ஒன்றாக நிற்கிறது. பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தங்கள் இழப்போடு வீட்டுக்குள் போகிறார்கள்.

வவுனியாவுக்கு இதில் தனிக் கதை உண்டு. 1995 ஒக்டோபர் வலிகாம இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னிக்குள் வந்து, அங்கிருந்து வவுனியா முகாம்களில் முடங்கியவர்கள் ஆயிரக்கணக்கில். பட்டணத்தை விட்டு வெளியே போக பாஸ் வேண்டும், உள்ளே இருக்கவும் பாஸ் வேண்டும். அந்த ஆண்டுகளில் நாட்டிலேயே தற்கொலை மிகுந்த மாவட்டங்களில் ஒன்றாக வவுனியா பேசப்பட்டது. போரின் கடைசிக் கட்டத்தில் அதே மாவட்டத்தின் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம் எழுந்தது. வன்னியில் இருந்து வந்த ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் முகாம்களுக்குள் இருந்தார்கள். 2012 செப்ரெம்பரில் அது மூடப்பட்டது. சனம் காடு மண்டிய வளவுகளுக்குத் திரும்பியது. அதற்குப் பின்னாலேயே நுண்கடன் வந்தது, கிழமைக் கட்டுக் காசு கேட்டுப் படலையில் நிற்பவர்கள் வந்தார்கள். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சத்துக்குக் குறைந்த கடன்களை 2018இல் அரசாங்கமே ஏற்று நிறுத்த வேண்டிய அளவுக்கு நிலைமை போனது.

┌─────────────────────
பெட்டிச் செய்தி: ஒரு தீவு செய்து காட்டியது

1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 தற்கொலைகள். உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று.

1997இல் ஜனாதிபதி குழு ஒன்று அமைந்தது. 1998இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. இன்று உயிர் தப்பி வைத்தியசாலைக்கு வருபவர் குற்றவாளி அல்லர், நோயாளி.

1984, 1995, 1998, பிறகு 2008 முதல் 2011 வரை என்று படிப்படியாக மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் தடை செய்யப்பட்டன. 1995க்குப் பின் பத்தே ஆண்டில் வீதம் பாதியானது, பின்னும் இறங்கியது. 1995 முதல் 2015 வரை இதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்பது ஆய்வாளர் கணக்கு.

வவுனியாவுக்கு எல்லை மாவட்டமான அனுராதபுரத்தில் 180 கிராமங்களை எடுத்து, அவற்றில் பாதியில் வீட்டுக்கு வீடு பூச்சிகொல்லி வைக்கப் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வும் நடந்தது. 2017இல் முடிவு வந்தது: பூட்டினால் மட்டும் குறையவில்லை.
└─────────────────────

நெஞ்சு பாரமாக் கிடக்கு

வன்னியில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் வருவதில்லை. நெஞ்சு பாரமாக் கிடக்கு, பெருமூச்சு வருகுது, கை கால் விறைக்குது, நாரி நோகுது, ஒரே யோசினையாக் கிடக்கு. இப்படித்தான் வரும். வட மாகாணத்தின் 25 ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட நோயாளரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஏதாவது ஓர் உளநலப் பாதிப்பின் அறிகுறியைக் கண்டது. அவர்கள் உளநலக் கிளினிக்குக்கு வந்தவர்கள் அல்லர். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் நாரி நோவுக்கும் வந்தவர்கள்.

முன்னாள் போராளியின் உடம்பில் இன்னொன்றும் இருக்கும். "பீஸ்" என்று சொல்வார்கள், செல் துண்டு. தலைக்குள், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், கெண்டைக்காலில். எடுக்கப் போனால் ஆபத்து என்று விட்டவை. உள்ளே இரும்பு இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கவும் யோசிப்பார்கள். குளிர்காலத்தில் ஒரு நோ, வெயிலில் ஒரு நோ. நாட்பட்ட வலியும் நித்திரையின்மையும் தற்கொலை எண்ணத்தோடு நெருங்கிய உறவுடையவை என்பது மருத்துவத்தில் பழைய பாடம். ஆகவே "தலையிடி, நித்திரை இல்லை" என்ற இரண்டு சொல்லுமே இங்கே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. மீதிப் பாதியைக் கேட்டு எடுக்க வேண்டும்.

தற்கொலையால் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறப்பதற்கு முந்திய ஒரு மாதத்துக்குள் சாதாரண வைத்தியர் ஒருவரிடம் போயிருக்கிறார்கள் என்று மேலைநாட்டு ஆய்வுகள் 2002இலேயே தொகுத்துச் சொல்லிவிட்டன. அந்த வைத்தியர் பெரும்பாலும் உளமருத்துவர் அல்லர். அறுபத்தொன்றாம் இலக்கத்தைப் பார்த்த வைத்தியர் போன்றவர்தான்.

தற்கொலையைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று இன்னும் எத்தனையோ பேர் பயப்படுகிறார்கள், வைத்தியர்களும் உட்பட. அது பிழை. உளநல நிபுணர் இல்லாத இடங்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி, நேராகக் கேள் என்றுதான் சொல்கிறது. கேட்டால் பதற்றம் குறைகிறது, ஆள் மூச்சு விடுகிறார். ஆனால் வன்னியில் எப்படிக் கேட்பது? "தங்களுக்குத் தற்கொலை எண்ணம் உள்ளதா?" என்று பரீட்சைத் தாள் மாதிரிக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அங்குள்ள பேச்சில் கேட்டால் இப்படி இருக்கும்:

"இவ்வளவு யோசினையோட இருக்கேக்க சில பேருக்கு, ஏன் இருக்கிறன் எண்டு வரும். உங்களுக்கும் அப்பிடி வந்திருக்கோ?"

"செத்துப்போகலாம், உயிரை விடலாம் எண்டு நினைச்சனீங்களோ?"

"எப்பிடி எண்டு யோசிச்சு வைச்சிருக்கிறீங்களோ? முந்தி எப்பவாவது முயற்சி செய்தனீங்களோ?"

"இண்டைக்கு, இப்ப, அந்த எண்ணம் இருக்கோ?"

"உங்களை இவ்வளவு நாளும் பிடிச்சு வைச்சிருக்கிறது என்ன?"

ஐந்து கேள்வி. கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில்தான் மகளின் பெயர் வரும், கட்டி முடிக்காத வீடு வரும், வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேர்த்தி வரும்.

மரணத்தோடு பழகியவரிடம் மரணத்தைக் கேட்பது

இந்த இடத்தில் வன்னி மற்ற இடங்களில் இருந்து வேறுபடுகிறது. பதினெட்டு வயதில் கழுத்தில் சயனைட் குப்பி அணிந்து திரிந்த ஒருவரிடம் "சாக வேண்டும் என்று நினைத்ததுண்டா" என்று கேட்டால் அவர் உங்களை விநோதமாகப் பார்ப்பார். அவருக்குச் சாவு ஒரு காலத்தில் கடமை. அதற்கு வேறு சொல் இருந்தது, மரியாதை இருந்தது, பாட்டு இருந்தது. இன்று அதே எண்ணம் தனியாக, இருட்டில், கடன் கொப்பிக்குப் பக்கத்தில் வரும்போது அதை எந்தப் பெயரால் சொல்வது என்று அவருக்கே தெரியாது. "எல்லாரும் போயிட்டாங்கள், நான் மட்டும் மிஞ்சிட்டன்" என்ற ஒரு வாக்கியம் அவர் வாயில் வந்தால், கேட்கும் வைத்தியர் பேனையைக் கீழே வைத்துவிட வேண்டும். தப்பிப் பிழைத்ததையே குற்றமாகச் சுமக்கிறவர் அவர்.

அவருக்கு வருடத்தில் இரண்டு மாதம் பாரம் கூடும். மே, நவம்பர். முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் கிழமையிலும் கார்த்திகைப் பூ பூக்கும் காலத்திலும் தலையிடிக்காரர் கூடுகிறார்களா என்று வெளிநோயாளர் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது பெரிய வேலை அல்ல. அந்தக் கிழமைகளில் ஓர் ஆளை மேலதிகமாக நிறுத்துவதும் பெரிய செலவு அல்ல. இதை எந்த வெளிநாட்டு வழிகாட்டியும் எழுதித் தராது. ஊர் தெரிந்தவர்தான் எழுத வேண்டும்.

படைவீரருக்கும் தன் நாட்கள் உண்டு. கூட நின்றவன் விழுந்த நாள். அதைவிட முக்கியமாக, வீட்டில் இருந்து தொலைபேசியில் சண்டை வந்த இரவு, கடன் தவணை தவறிய மாதம், லீவு மறுக்கப்பட்ட கிழமை. படைகளில் நடக்கும் தற்கொலைகளுக்குப் பின்னால் போர்க்களத்தை விட உறவு முறிவும் பணமும் ஒழுக்காற்று விசாரணையும் அதிகம் நிற்கின்றன என்பது உலகெங்கும் தெரிந்த விடயம். அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட கணக்கு நடுங்க வைக்கும்: 2001 செப்ரெம்பருக்குப் பின்னான போர்களில் சண்டையில் இறந்த படையினர் 7,057 பேர். அந்தப் போர்களில் பணியாற்றியவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 30,177 பேர். நான்கு மடங்குக்கு மேல்.

கொப்பி யார் கையில்?

இனி இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன்.

கேள்வியை எவ்வளவு பக்குவமாகக் கேட்டாலும், பதில் சொல்லப் போகிறவர் மனதுக்குள் வேறொரு கேள்வி ஓடுகிறது. சொன்னால் அது எங்கே போகும்?

படைவீரர் தன் மனதில் கணக்குப் போடுவார். எம்.ஐ. ரூமில் இருக்கும் வைத்தியரும் அதிகாரிதான். நான் சொல்வது கட்டளை அதிகாரிக்குப் போகும். ஆயுதத்தை வாங்கி வைப்பார்கள், காவல் கடமையில் இருந்து எடுப்பார்கள், கூட இருப்பவர்களுக்குத் தெரியும். மெடிக்கல் போர்ட்டில் நிறுத்துவார்கள். வேலை போனால் ஊரில் கட்டின பாதி வீடு?

முன்னாள் போராளியின் கணக்கும் அதே போன்றதுதான். விடுதலையான பிறகும் புலனாய்வுக்காரர் வந்து பெயர் கேட்டு, தொலைபேசி இலக்கம் கேட்டு, யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று கேட்டுப் போனவர்கள்தானே. எதையாவது எழுதிக் கொடுத்தால் அது ஒரு கோவைக்குப் போகும் என்பதை அவர் உடம்பே அறியும். மருத்துவத்தின் மேலும் ஐயம் உண்டு. 2016இல் "விச ஊசி" என்ற பேச்சு வடக்கு முழுவதும் பரவி, புனர்வாழ்வு பெற்றவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய வட மாகாண சபையே இறங்க வேண்டி வந்ததை மறக்க முடியாது. உண்மை எதுவாக இருந்தாலும், அந்தப் பயம் உண்மையான பயம்.

சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் வேலை செய்கிற எங்கள் அறுபத்தொன்றாம் இலக்கத்துக்கு இந்த இரண்டு பயமும் ஒரே ஆளில்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, மிகச் சாதாரணமானது. கிளினிக் கொப்பி. இங்கே நோயாளியின் கதை நோயாளி கையிலேயே இருக்கிறது. எண்பது பக்கக் கொப்பி, சொப்பிங் பையில் சுற்றி, வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னாலோ தட்டி இடுக்கிலோ செருகியிருக்கும். வைத்தியர் ஆங்கிலத்தில் கிறுக்கினாலும் வீட்டில் ஓ.எல். படிக்கிற மகள் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். அடுத்த முறை மருந்து எடுக்க அயலட்டைப் பெடியன் கொப்பியோடு போவான். வவுனியாவில் உளமருத்துவரிடம் ஒரு தடவை காட்டியவர் கொப்பியின் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கண் கிளினிக்குக்கு வந்தால், அதற்காக அவரைக் கோபிக்க முடியாது.

வேறு நாடுகள் இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கப் பார்த்தன? அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2011இல் ஓர் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. படைவீரர் உளநல உதவி தேடினால் அதை மேலதிகாரிக்கு அறிவிக்கக்கூடாது என்பதே பொது விதி. உயிராபத்து போன்ற குறிப்பிட்ட சில நிலைமைகளில் மட்டும், தேவையான அளவு மட்டும் சொல்லலாம். 2021 இறுதியில் நிறைவேறிய பிரண்டன் சட்டம் இன்னொரு படி போனது: காரணம் சொல்லாமலே, எந்த நேரத்திலும், தன்னை உளநலப் பரிசோதனைக்கு அனுப்பும்படி படைவீரர் கேட்கலாம். இஸ்ரேல் 2006இல் செய்தது இன்னும் எளிமையானது. வார இறுதி லீவில் வீட்டுக்குப் போகும் இளம் படையினர் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுப் போக வேண்டும் என்றது. தற்கொலைகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தன. யாரையும் பைத்தியம் என்று முத்திரை குத்தவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் யாருக்கும் வெட்கம் இல்லை.

அந்த "எல்லோருக்கும் ஒரே விதி" என்பதை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். வெளிநோயாளர் பிரிவில் அழுத்தம் எல்லோருக்கும் பார்க்கிறோம். நித்திரையும் மனநிலையும் எல்லோரிடமும் கேட்டால், முன்னாள் போராளிக்கு "என்னை மட்டும் ஏன் கேட்கிறார்கள்" என்ற எண்ணம் வராது.

புள்ளி போட்டு ஆளை அளக்க முடியுமா?

ஆபத்தை மதிப்பிடுவது என்றதும் ஒரு படிவம் நினைவுக்கு வரும். இத்தனை புள்ளி என்றால் குறைந்த ஆபத்து, இத்தனை என்றால் கூடிய ஆபத்து. கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தால் வன்னிக்கு முதலில் வந்து சேர்வதும் படிவம்தான். பிரித்தானியாவின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2022இல் இதில் கண்டிப்பாகப் பேசியது: யார் தற்கொலை செய்வார் என்று முன்கூட்டிச் சொல்ல அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள், யாருக்கு உதவி கொடுப்பது யாரை அனுப்பிவிடுவது என்று தீர்மானிக்கவும் பயன்படுத்தாதீர்கள். ஏனென்றால் "குறைந்த ஆபத்து" என்று எழுதி அனுப்பப்பட்டவர்களிலேயே பலர் பிறகு இறந்திருக்கிறார்கள்.

படிவம் வேண்டாம் என்பதல்ல. கேட்க மறந்ததை அது நினைவூட்டும். ஆனால் அதை நிரப்பி முடித்த நிமிடத்தில் வேலை முடிந்தது என்று நினைத்தால் அதைவிட ஆபத்து இல்லை. வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

┌─────────────────────
பெட்டிச் செய்தி: ஒரு தாளில் ஒரு பாதுகாப்புத் திட்டம்

அமெரிக்க முன்னாள் படையினருக்காக பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுணும் 2008இல் வடிவமைத்தது. ஆறு பகுதி. நோயாளியும் வைத்தியரும் சேர்ந்து, நோயாளியின் சொந்தச் சொல்லில் எழுதுவது. வன்னியில் எழுதினால் இப்படி இருக்கலாம்:

எனக்கு ஏலாமல் வரப்போகுது எண்டதுக்கு அடையாளம்: மூண்டு நாள் நித்திரை இல்லை, சாப்பாடு பிடிக்காது, போனை நிப்பாட்டிப் போடுவன்.

நானே செய்யக்கூடியது: கிணத்தடியில தலையில தண்ணி வாக்கிறது, மிளகாய்ப் பாத்தி கொத்துறது.

சனத்தோட இருக்க: இரணைமடுக் குளக்கட்டு, சந்தித் தேத்தண்ணிக் கடை, வாசிகசாலை.

உதவி கேட்க: அக்கா, முந்திக் கூட இருந்த நண்பன்.

வைத்தியசாலை, உதவி இலக்கம்: 1926.

வீட்டில ஆபத்தானது இல்லாமல் செய்ய: தோட்டத்து மருந்து வீட்டில வைக்கிறதில்லை, அண்ணை வீட்டில குடுத்து வைக்கிறது.
└─────────────────────

ஒன்பது அழைப்பு

எனக்கு இந்த விடயத்தில் மிகுந்த நம்பிக்கை தந்த ஆய்வு நம் ஊர்களுக்குப் பக்கத்தில் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஐந்து நகரங்களைத் தெரிவு செய்தது. அவற்றில் ஒன்று கொழும்பு, இன்னொன்று சென்னை. உயிர்மாய்ப்பு முயற்சியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு வீடு போகுமுன் ஒரு மணித்தியாலம் தனியாக இருந்து பேசினார்கள். பிறகு ஒன்றாம், இரண்டாம், நான்காம், ஏழாம், பதினோராம் கிழமைகளிலும், நான்காம், ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்களிலும் தொலைபேசியில் எடுத்தோ நேரில் போயோ "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டார்கள். ஒன்பது தடவை. வேறு மருந்து இல்லை, இயந்திரம் இல்லை. 2008இல் முடிவு வந்தது. பதினெட்டு மாதத்தில் தற்கொலையால் இறந்தோர் வழக்கமான சிகிச்சைக் குழுவில் 2.2 சதவீதம், விசாரித்துக் கொண்டிருந்த குழுவில் 0.2 சதவீதம்.

சென்னைப் பக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் டொக்டர் லட்சுமி விஜயகுமார், 1986இல் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர். அவர் அதோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டில் ஈழ அகதிகள் இருக்கும் முகாம்களுக்குப் போய், முகாமில் இருந்தவர்களையே பயிற்றி, தொடர்ந்து விசாரிப்பதையும் பாதுகாப்புத் திட்டத்தையும் சேர்த்துச் செய்து பார்த்தார். அமெரிக்க முன்னாள் படையினருக்காக எழுதப்பட்ட தாள் ஒன்று வன்னியில் இருந்து ஓடிப்போன குடும்பங்களின் கைக்கு அப்படித்தான் போனது. அந்த அமெரிக்க முன்னாள் படையினரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது: திட்டமும் எழுதி, பின்தொடர்ந்து தொலைபேசியும் எடுத்தபோது ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை ஏறக்குறைய 45 சதவீதம் குறைந்திருந்தது.

கடல் தாண்டி முகாமுக்குப் போனது, கடலுக்கு இந்தப் பக்கம் ஏன் எல்லாப் பிரதேச வைத்தியசாலைக்கும் வரவில்லை? ஆள் இல்லை என்பார்கள். மருத்துவமனைக்கு வெளியே ஆள் இருக்கிறது. வீட்டுக்கு வீடு போகும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார், உளநலப் பிரிவின் சமூக உத்தியோகத்தர் இருக்கிறார். போர் முடிந்த காலத்தில் மெனிக் பாமில் பயிற்றப்பட்டுச் சனத்தோடு சனமாக நின்றவர்களும் அந்தச் சமூக உத்தியோகத்தர்களில் உண்டு. அப்படிப்பட்ட ஒருவருடைய வேலை ஒரு திட்டத்தின் காசில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. திட்டம் முடிகிற நாளில் ஏழாம் கிழமை அழைப்பு எடுக்க ஆள் இல்லாமல் போனால், முதல் ஆறு கிழமையும் செய்தது என்னவாகும்? மாதச் சம்பளத்தோடு ஒரு நிரந்தர ஆள், ஒரு தொலைபேசி, பூட்டுப் போட்ட ஓர் அலுமாரி. ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலைக்கும் இவ்வளவுதான் கேட்கிறோம். அந்த அலுமாரிக்குள் வைக்கிற பதிவேட்டை வேறெந்தத் திணைக்களமும் திறக்கக்கூடாது என்று சுகாதார அமைச்சு எழுத்தில் தரட்டும். முகாம்களுக்கும் அதே விதியை இராணுவ மருத்துவப் பிரிவு எழுதட்டும். ஒரு சிங்களத் தாய்க்கும் அது வேண்டும்.

┌─────────────────────
இந்தக் கட்டுரை உங்கள் மனதைப் பாரமாக்கியிருந்தால்

1926: தேசிய உளநல நிறுவனத்தின் உதவி இலக்கம். எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம்.

1974 முதல் இயங்கிவரும் சுமித்திரயோ அமைப்பிலும் பேசலாம்.

பக்கத்து வைத்தியசாலையில் "உளநலப் பிரிவு எங்கே?" என்று கேளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். ஆபத்தில் இருக்கிறார் என்று தோன்றுகிறவரைத் தனியே விடாதீர்கள்.
└─────────────────────

அதே அறை, திரும்ப

அறுபத்தொன்றாம் இலக்கம் திரைச்சீலை வரை போய் நின்று "இனி வரமாட்டன் போல கிடக்கு டொக்டர்" என்கிறார். இந்தத் தடவை வைத்தியர் தலையை நிமிர்த்துகிறார்.

"அண்ணை, ஒருக்கா வந்து இருங்கோ."

அறுபத்திரண்டாம் இலக்கத்தை மிஸ் வெளியே இருக்கச் சொல்கிறார். கதவு சாத்தப்படுகிறது. ஐந்து கேள்விகளும் கேட்கப்படுகின்றன. முதல் இரண்டுக்கும் அவர் நிலத்தைப் பார்க்கிறார். மூன்றாவதில் கை நடுங்குகிறது. பிறகு, எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியதை அவர் கேட்கிறார்.

"இதை எழுதுவீங்களோ?"

"எழுதுவன். ஆனா உங்கட கொப்பியில இல்லை. எங்கட அலுமாரியில இருக்கும். உங்கட உயிருக்கு ஆபத்து எண்டு எனக்குப் பட்டால் மட்டும் ஒராளுக்குச் சொல்ல வேண்டி வரும். ஆருக்குச் சொல்லப் போறன் எண்டு முதல்ல உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அக்காவின் தொலைபேசி இலக்கத்தைச் சொல்கிறார். அக்கா வந்து கூட்டிப்போகும் வரை உளநல உத்தியோகத்தர் பக்கத்திலேயே இருக்கிறார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டு ஒன்பது திகதிகளை எழுதுகிறார். முதலாவது வாற வியாழக்கிழமை. அவர் தாளை வாங்கி மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போய்க் கடைசித் திகதியில் நிற்கிறார். ஒன்றரை வருடம் தள்ளி.

"இவ்வளவு தூரத்துக்குப் போட்டிருக்கிறியள்" என்றார்.